பூதம் பொய் சொன்னால் என்ன ஆகும்? சிறுவர் மாயக்கதைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் போட்டியின் பெயரையும் அதை நடத்தும் அமைப்பின் பெயரையும் இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு விதி எண் 7 என்னவென்று தெரிந்தால் போதும். இந்த வருட அறிவிப்பில் அது புதிதாக வந்திருக்கிறது. கதையில் நல்லவர் யார், தீயவர் யார் என்பது வாசகருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், தீயவர் முடிவில் தண்டனை பெற வேண்டும் என்கிறது. கூடவே 'பஞ்சதந்திர மரபில்' என்று ஒரு வார்த்தையும் போட்டிருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடுவார்கள். கதை படிப்போம், கதை எழுதுவோம், சுண்டல் தின்போம். எங்கள் ஊர் காவிரிப் படுகையில் கடைமடைப் பக்கம். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள் என்று டிவியில் பூத்தூவுவதைப் பார்ப்போம். அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் எப்போது தலைகாட்டும் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் புரியும்.

போன வருடம் எங்கள் கூட்டத்திலிருந்து 12 வயதுப் பெண் ஒருத்தி உங்களுக்கு ஒரு கதை அனுப்பினாள். நூற்றுக்கணக்கில் வரும் கதைகளில் ஒன்றை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மழை பொய்த்த ஒரு ஊர். ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் மிச்சம். ஏரிக்கு ஒரு பூதம் காவல். மதகைத் திறந்து மூடுவது மடைக்காரர் வேலை. அவருடைய மகளைக் கீழூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கே குடிக்கவே தண்ணீர் இல்லை, மகளோ பிள்ளைத்தாய்ச்சி. மடைக்காரர் தினம் ராத்திரி யாருக்கும் தெரியாமல் மதகை நாலு விரல்கடை தூக்கிவிட்டு, கோழி கூவுவதற்குள் இறக்கிவிடுகிறார். ஏரி வற்றுகிறது. தனியாக வாழும் ஒரு கிழவியின் பயிர் கருகிப்போகிறது. ஊர் கூடிப் பூதத்தைக் கேட்கிறது: நீதானே காவல், யார் திறந்தது சொல். பூதங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பொய் சொன்னால் குரல் போய்விடும். பூதம் ஏரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்புறம், 'கரையில நண்டு வளை, அது வழியா கசியுது' என்கிறது. அது கடைசியாகப் பேசியது அதுதான். அன்றிலிருந்து அந்த ஏரியில் அலை வந்து கரையில் மோதும், சத்தம் மட்டும் கேட்காது. கதை அங்கே முடிந்துவிடுகிறது.

பிழை திருத்தத்தான் உட்கார்ந்தேன். அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

உங்களிடமிருந்து வந்த பதிலில் மூன்று குறிப்புகள் இருந்தன. மொழி நன்று. பூதம் பொய் சொல்வது தவறான முன்னுதாரணம். தண்ணீர் திருடியவருக்குத் தண்டனை இல்லாததால் கதையின் நீதி குழப்பமாக உள்ளது. திண்ணையில் அதை வாசித்துக் காட்டினேன். எழுதியவள் முகத்தில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. "தண்டனை குடுக்கலாம்க்கா. யாருக்குக் குடுக்கணும்னு அவங்களே எழுதியிருக்கலாம்ல?" என்றாள்.

இந்தக் கேள்வியோடு நான் சபையைக் கலைத்திருக்கலாம். ஆனால் அதற்குள் வாய்த்தகராறு தொடங்கிவிட்டது. மடைக்காரர் திருடன்தான், அதில் என்ன பேச்சு என்றான் ஒருவன். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் வீட்டில் மூன்று மா நிலம், வாய்க்காலின் கடைசி வயல். "நீ கீழூர்லேர்ந்து பாருடா. எங்க வாய்க்காலுக்கு மேல யாராச்சும் நாலு விரல் தூக்கிவிட்டா எங்கப்பா அவரைச் சாமின்னு கும்புடுவாரு" என்றான். "அப்ப அந்தக் கிழவி?" என்றது ஒரு வாண்டு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "மடைக்காரர் கிழவிக்கு நெல்லு குடுத்திருக்கணும்." "அவருக்கு ஏது நெல்லு?" "மககிட்ட வாங்கிக் குடுக்கணும்." "அங்கதான் தண்ணியே இல்லையே." ஒன்றரை மணி நேரம் ஓடியது. சுண்டல் ஆறிப்போனது. எங்கள் திண்ணையில் சுண்டல் ஆறுவது லேசில் நடக்கிற காரியமில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. திருடுவது தப்பா சரியா என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் பேச்சு அவ்வளவு நேரம் நீண்டது. நீங்கள் குழப்பம் என்று எழுதியது, அங்கே உட்கார்ந்து பார்த்தால் யோசனையாகத் தெரிந்திருக்கும்.

சரி, பஞ்சதந்திரத்துக்கு வருவோம். நீங்கள் முன்னோடியாகக் காட்டும் அந்த நூலின் முதல் தந்திரமே நட்பைக் கெடுப்பது பற்றியது. பிங்களகன் என்ற சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்ற எருதுக்கும் உயிர் நட்பு. தமனகன் என்ற நரி இருவர் காதிலும் கோள் ஓதி, சிங்கம் எருதைக் கொல்லும்படி செய்கிறது. எருது செத்த பிறகு சிங்கம் அழுகிறது. தமனகன் பக்கத்தில் நின்று ஆறுதல் சொல்லித் தேற்றுகிறான், மந்திரியாகவே இருந்து காலத்தை ஓட்டுகிறான். தண்டனை? அப்படி ஒன்று அந்தக் கதையில் கிடையவே கிடையாது. அவனுடைய தோழன் கரடகன் திட்டுகிற திட்டோடு சரி.

உங்களைப் போலவே இது பொறுக்காமல் போன ஒருவர் 8ஆம் நூற்றாண்டில் இருந்தார். இப்னு அல்-முகஃபா என்று பெயர். பஹ்லவி என்ற இடைக்காலப் பாரசீக மொழியில் இருந்த பஞ்சதந்திரத்தை அரபு மொழிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அங்கே நரிகளின் பெயர் கலீலா, திம்னா என்று மாறியது. நரி தப்பித்துப் போவது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். மூலத்தில் இல்லாத ஒரு அத்தியாயத்தைச் சேர்த்தார். திம்னாவைப் பிடித்து வழக்கு நடத்தி, சாட்சி விசாரித்து, குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, சாகவும் வைத்துவிட்டார். ஆக, உங்கள் ஏழாம் விதிக்கு 1,200 வருடத்துக்கு மேல் வயதாகிறது. ஆனால் அது பஞ்சதந்திர மரபு இல்லை, பஞ்சதந்திரத்தைத் திருத்திய மரபு. (அந்த வழக்கு அத்தியாயத்திலும் திம்னா பேசும் வாதங்கள்தான் ருசி. கெட்டவனுக்கு வாய் கொடுத்துவிட்டால் எந்த எழுத்தாளராலும் அவனை முழுக்கக் கெட்டவனாக வைத்திருக்க முடிவதில்லை. இன்னொன்று, கதையில் நீதியை நிலைநாட்டிய அந்த மனிதரையே ஆட்சியில் இருந்தவர்கள் பிறகு கொன்றுவிட்டார்கள்.)

எங்கள் வயதுக்காரர்களுக்கு மாயக்கதை என்றாலே 1947இல் தொடங்கிய அம்புலிமாமாதான். அதில் முதலில் புரட்டுவது விக்கிரமன் வேதாளம். முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு ராஜா நடப்பார், அதற்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லும், முடிவில் கேள்வி கேட்கும், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். 11ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து சோமதேவர் சொன்ன வரிசையில் ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் ஒருவனுக்கு, கல்யாணம் ஆனதும் முதலில் உன்னிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்ட பெண். அதைக் கேட்ட புருஷன், போய் வா என்று விடுகிறான். வழியில் திருடன் மறிக்கிறான். திரும்பி வரும்போது என்னை எடுத்துக்கொள், இப்போது போக விடு என்கிறாள். அவனும் விடுகிறான். வாக்கு வாங்கியவன் அவளைத் தொடாமல் திருப்பி அனுப்புகிறான். சொன்ன சொல் தவறாமல் வந்தவளைத் திருடனும் நகையோடு வீட்டில் கொண்டுபோய் விடுகிறான். மூவரில் பெருந்தன்மை யாருக்கு? ராஜா சொன்ன விடை, திருடனுக்கு. மனசு இன்னொருவனிடம் உள்ள பெண்ணைப் பிடித்து வைத்து என்ன பயன் என்று புருஷன் விட்டிருக்கலாம். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் மற்றவன் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாத இருட்டில், பிழைப்பே பறிப்பதாக இருந்தும் விட்டவன் திருடன் ஒருவன்தான்.

(பெண்ணின் பெருந்தன்மையை மட்டும் வேதாளமும் கேட்கவில்லை, ராஜாவும் சொல்லவில்லை. திண்ணையில் பெண்பிள்ளைகள் அதைச் சும்மா விடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.)

அந்த வேதாளக் கதை வரிசையின் முடிவு இன்னும் விசேஷம். பிணத்தைக் கொண்டுவரச் சொன்னவன் ஒரு துறவி. கடைசியில் பார்த்தால் ராஜாவையே பலி கொடுக்கத் திட்டம் போட்டிருப்பவன் அந்தத் துறவி. ராஜாவை எச்சரித்து உயிரைக் காப்பாற்றுவது பிணத்தில் குடியிருக்கும் வேதாளம். காவி கட்டியவன் கொலைகாரன், சுடுகாட்டுப் பேய் சிநேகிதன். நம் பாட்டிகள் இதைத்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னார்கள். யார் எந்தப் பக்கம் என்று முதல் பக்கத்திலேயே முத்திரை குத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. உங்களில் பலர் பட்டிமன்ற மேடை ஏறியவர்களாக இருப்பீர்கள். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து இன்றுவரை, கும்பகருணனா வீடணனா என்று எத்தனை ஊரில் எத்தனை இரவு பேசியிருப்போம்! அண்ணன் செய்வது தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னவன் கும்பகருணன். சீதையை விட்டுவிடு என்றவன். கேட்கவில்லை என்றதும், நீர்மேல் போட்ட கோலம் போன்ற இந்த வாழ்வுக்காக, வளர்த்தவனை விட்டு வரமாட்டேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுச் சாகப் போனான். வீடணனோ அறத்துக்காக அண்ணனையே விட்டு வந்தவன். ஒருவன் நன்றிக்காக அறத்தை விட்டான், மற்றவன் அறத்துக்காக உறவை விட்டான். பெரியவர்கள் நாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நடுச்சாமம் வரை கேட்டுக் கைதட்டுகிறோம். அதுவும் நடுவர் தீர்ப்பு சொன்ன பிறகும், வீட்டுக்கு நடந்து போகிறபோது தீர்ப்பு தப்பு என்று வாதாடிக்கொண்டே போகிறோம். இந்தச் சந்தோஷம் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகாதா?

இனி எனக்கு மிகவும் பிடித்த ஒருவனைப் பற்றி. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் மாயக்கதைகளில் வருகிறவன். கொல்லம் என்று எழுதினால் கேரளத்து ஊர் ஆகிவிடுகிறது, கோலம் என்றால் வாசலில் போடுவது. மெய்ப்பு பார்க்கிறவளுக்கு இது ஒரு தலைவலி. கோல்லம் என்றே வைத்துக்கொள்வோம்.

1937இல் 'ஹாபிட்' முதல் பதிப்பு வந்தபோது கோல்லம் இப்போது உலகம் அறிந்த கோல்லம் இல்லை. மலைக்கு அடியில், இருட்டுக் குளக்கரையில், வழி தவறி வந்த கதாநாயகன் பில்போவோடு விடுகதைப் போட்டி போடுகிறான். பில்போ தோற்றால் அவனைத் தின்னலாம். கோல்லம் தோற்றால் பரிசு தர வேண்டும். தோற்றதும் பரிசாகத் தன் மாய மோதிரத்தைக் கொடுக்கத் தேடுகிறான். அது முன்பே பில்போவின் பைக்குள் போயிருக்கிறது. காணவில்லை என்று மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு வெளியே போகும் வழியைக் காட்டி அனுப்புகிறான். ஓரளவு மரியாதைக்காரன் என்றே சொல்ல வேண்டும்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற அடுத்த பெரிய கதையை எழுதப் போன டோல்கீனுக்குச் சிக்கல் வந்தது. புதுக் கதையில் அந்த மோதிரம், கையில் கிடைத்தவர் எவரும் மனமாரக் கொடுக்க முடியாத பொருள். அப்படியிருக்க அதை எப்படி ஒருவன் பந்தயம் வைப்பான்? 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றினார். மாற்றிய கதையில் கோல்லம் பில்போவைக் கொல்ல மோதிரத்தைத் தேடுகிறான், காணாமல் திருடன் திருடன் என்று அலறுகிறான். அப்படியானால் 14 வருடம் வாசகர்கள் படித்த பழைய கதை? அங்கேதான் அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். அதைத் தன் பிழை என்று மூடி மறைக்கவில்லை. பழையது பில்போ சொன்ன பொய் என்று வைத்துவிட்டார். மோதிரம் தனக்கு முறைப்படி வந்தது என்று காட்டிக்கொள்ளக் கதாநாயகனே திரித்துச் சொன்னானாம். மோதிரம் அவனைத் தொட்ட முதல் நாளே வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளமாம். உங்கள் இரண்டாவது குறிப்பின்படி பில்போ தேறமாட்டான். நல்ல வேளை, அவன் உங்கள் போட்டிக்கு வரவில்லை.

மாற்றி எழுதிய அதே அத்தியாயத்தில் இன்னொரு இடம். மோதிரம் போட்டதால் பில்போ யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். கையில் கத்தி. வழியை மறித்துக்கொண்டு கோல்லம் குந்தியிருக்கிறான். ஒரு குத்து போதும். ஆனால் அந்த இருட்டில் வருடக்கணக்காக, வெளிச்சமும் நம்பிக்கையும் இல்லாமல் அவன் வாழ்ந்த வாழ்வு பில்போவின் மனசில் ஒரு நொடி வந்துபோகிறது. குத்தாமல் அவன் தலைக்கு மேலே தாண்டிக் குதித்து ஓடுகிறான்.

1954-55இல் மூன்று பாகமாக வந்த பெரிய கதை முழுக்க அந்த ஒரு குதியின் பலன்தான் நடக்கிறது. கோல்லம் முன்பு ஸ்மீகல் என்ற சாதாரணப் பிள்ளையாக இருந்தவன். தன் பிறந்தநாளன்று நண்பன் ஆற்றடியில் கண்டெடுத்த மோதிரத்தைக் கேட்டு, அவன் தரவில்லை என்று கழுத்தை நெரித்தவன். கொலைகாரன், சந்தேகமில்லை. மோதிரம் இப்போது பில்போவின் உறவுக்காரன் பிரோடோவிடம். அதை எரிமலை நெருப்பில் போட்டு அழிக்க, கோல்லத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, பிரோடோவும் அவனுடைய வேலையாள் சாமும் பகைவன் நாட்டுக்குப் போகிறார்கள். பிரோடோ அவனை ஸ்மீகல் என்று பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பழைய பெயரைக் கேட்டதும் பழைய ஆளும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறான்.

மலைப்படிக்கட்டில் ஒரு இரவு. மற்ற இருவரும் அசந்து தூங்குகிறார்கள். அவர்களைச் சிலந்திப் பூதத்துக்குக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பி வருகிறான் கோல்லம். தூங்கும் முகங்களைப் பார்க்கிறான். கண்ணில் இருந்த வெறி தணிகிறது. மிகவும் வயதான, களைத்துப்போன ஒரு கிழவனைப் போல் ஆகிவிடுகிறான். நடுங்கும் கையை நீட்டி பிரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். பிரோடோ தூக்கத்தில் முனக, சாம் விழித்துக்கொண்டு, பதுங்கிப் பதுங்கி என்ன செய்கிறாய் என்று அதட்டுகிறான். அவ்வளவுதான். கண்ணில் பழைய பச்சை வெளிச்சம் வந்துவிடுகிறது. அந்த நேரம் போனது போனதுதான், அப்புறம் வரவே இல்லை. சாமின் ஒரு கடுஞ்சொல் மட்டும் இல்லாதிருந்தால் கோல்லம் திருந்தியிருப்பான், மயிரிழையில் தப்பியது என்று டோல்கீனே தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் வருந்தியிருக்கிறார். அந்தக் கதையிலேயே மனசு சுத்தமான ஆள் யாரென்றால் சாம்தான். நல்லவன் நாவினால் சுட்ட வடு, கெட்டவன் திரும்பி வர இருந்த வழியை அடைத்துவிட்டது.

இந்த இடத்தை நான் திண்ணையில் சொன்னபோது கரண்ட் போயிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு பிள்ளை, மடியில் தூங்கிக்கொண்டிருந்த தன் தம்பியின் முட்டியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டது. அது ஏன் அப்படிச் செய்தது என்று நான் கேட்கவில்லை. 'இக்கதையால் அறியப்படும் நீதி' என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

எரிமலை உச்சியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தனை தூரம் சுமந்து வந்த பிரோடோ, கடைசி அடியில், மோதிரத்தை நெருப்பில் போடமாட்டேன், இது என்னுடையது என்கிறான். கதாநாயகன் தோற்றுவிட்டான். கோல்லம் பாய்ந்து மோதிரத்தோடு அவன் விரலைக் கடித்துப் பிடுங்கி, ஆனந்தத்தில் கூத்தாடி, கால் தவறி நெருப்பில் விழுகிறான். உலகம் தப்பிக்கிறது. யாருடைய நற்குணத்தால்? பேராசைக்காரனின் பேராசையால், அதற்கு எழுபது எண்பது வருடம் முன்னால் ஒருவன் குத்தாமல் விட்டதால். பிரோடோ ஊர் திரும்பியும் ஆறாத காயத்தோடு இருக்க முடியாமல் கப்பல் ஏறிப் போய்விடுகிறான். ஏழாம் விதியின் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

மற்ற கதைகளுக்குள் இவ்வளவு தூரம் போகவில்லை, பயப்பட வேண்டாம். பிள்ளைகள் எல்லோரும் படித்திருக்கிற ஹாரி பாட்டர் கதையின் ஸ்நேப் ஒருவரை மட்டும் சொல்லி விடுகிறேன். 2007இல் ஏழாம் புத்தகம் வந்த பிறகு அவர் உயிரைப் பணயம் வைத்து அந்தப் பையனைக் காத்து வந்தவர் என்று தெரிந்தது. உடனே பலர் அவரைத் தியாகி ஆக்கிவிட்டார்கள். எங்கள் திண்ணையில் அது எடுபடவில்லை. மூன்றாம் புத்தகத்தில், அவரவர் அதிகம் பயப்படுவது எதுவோ அதுவாக மாறும் ஒரு ஜந்து வரும். நெவில் என்ற பையனுக்கு முன்னால் அது ஸ்நேப் வாத்தியாராக மாறும். பெற்றவர்களைச் சித்திரவதை செய்து புத்தி பேதலிக்க வைத்தவர்கள் இருக்கும்போது, அந்தப் பிள்ளை அதிகம் பயந்தது வகுப்பில் தினமும் அவமானப்படுத்தும் ஒரு வாத்தியாருக்கு. "அவர் நல்லவருதான்க்கா. ஆனா நெவில்கிட்ட ஒரு தடவையாச்சும் ஸாரி சொல்லியிருக்கணும்" என்றான் ஒருவன். தீர்ப்பு இவ்வளவு நுணுக்கமாக வரும் பிள்ளைகளிடம் நாம் நல்லவன் கெட்டவன் பட்டியல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இப்போது சாம்பல் நிறம் ஒரு ஃபேஷன். சினிமாவில் வில்லன் நூறு பேரை வெட்டுவான், இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிடம் அவன் சின்ன வயதில் பட்ட கஷ்டத்தைக் காட்டுவார்கள், சோகப் பாட்டு வரும், நாம் மன்னித்துவிட வேண்டும். பெரியவர்களுக்கான மாயக்கதைகளிலும் ஆளுக்கு ஆள் துரோகம், யாரையும் நம்பாதே என்பதே ஞானம் என்று ஒரு வகை வண்டி வண்டியாக வருகிறது. அதுவும் உங்கள் விதி போலத்தான். எல்லாவற்றையும் வெள்ளை அடிப்பதற்குப் பதில் எல்லாவற்றுக்கும் சாம்பல் பூசுகிறார்கள். யோசிக்க இடமில்லை. எனக்கு அந்தக் கதைகள் மேல் பிரியமில்லை, பிள்ளைகளுக்கு நான் வாசிப்பதுமில்லை.

வித்தியாசம் எங்கே என்றால், செய்த காரியத்தின் கணக்கில். 1968இல் அர்சுலா லெ குவின் எழுதிய மாயக்கதையில் கெட் என்ற பையன், மந்திரப் பள்ளியில் சக மாணவனிடம் வீம்புக்காகச் செத்தவரை எழுப்பப் போய், ஒரு நிழல் பூதத்தை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அந்தக் கிழிசலை மூடப் போய்ப் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். கெட் கெட்டவனில்லை. ஆனால் அந்தச் சாவு கதையில் எங்கும் தள்ளுபடி ஆவதில்லை. நிழல் துரத்துகிறது, அவன் ஓடுகிறான், பின் திரும்பி அவன் அதைத் துரத்துகிறான். கடைசியில் கடல் கோடியில் நேருக்கு நேர் நிற்கும்போது அதன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்கிறான். கெட். அது அவனுடைய பெயர். எந்த நடுவரும் வந்து தண்டிக்கவில்லை, ஆனால் அவன் தப்பிக்கவும் இல்லை.

எங்கள் பெண்ணின் கதையிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. கிழவியின் பயிர் கருகியதை அவள் மறைக்கவில்லை. பூதத்தின் பொய்க்கு விலை உண்டு, குரல். அந்த விலையைத் தெரிந்தே அது கொடுக்கிறது. மடைக்காரருக்குத் தண்டனை இல்லை என்றீர்கள். தனக்காக ஊமையான ஒரு பூதத்தின் பக்கத்தில், சத்தமில்லாத ஏரிக்கரையில், ஆயுசு முழுக்க அவர் மதகைத் திறந்து மூட வேண்டும். அதைவிடப் பெரிதாக என்ன கொடுத்திருப்பீர்கள்?

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விதி எண் 7-ஐ எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் 'பஞ்சதந்திர மரபில்' என்பதையாவது எடுங்கள், தமனகன் சிரிக்கிறான். வன்முறை, ஆபாசம், சாதி இழிவு கூடாது என்ற மற்ற விதிகள் எல்லாம் இருக்கட்டும், அவற்றில் எனக்குச் சண்டை இல்லை. பரிசு கொடுக்கவில்லை என்பதும் என் குறையில்லை. போன வருடம் முதல் பரிசு வாங்கிய பறக்கும் பாய் கதை உண்மையிலேயே நல்ல கதை, திண்ணையில் இரண்டு முறை வாசித்தோம்.

இன்னொன்று. அந்தப் பெண் உங்கள் கடிதத்தை நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் மடைக்காரரின் பேத்தி பிறந்து வளர்ந்து, தாத்தா ஊர் ஏரியில் ஏன் சத்தமே இல்லை என்று கேட்கிறாள். கிழவி இன்னும் உயிரோடு இருக்கிறாள். யார் மதகைத் திறந்தது என்பது அவளுக்கு முதல் ராத்திரியிலிருந்தே தெரியுமாம். இதை எப்படி முடிப்பது என்று அவளுக்கும் கடைசி வயல் பையனுக்கும் மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. எப்படியும் கடைசித் தேதிக்குள் முடித்து அனுப்பிவிடுவாள். இப்போதே 31 பக்கம் ஆகிவிட்டது. விதி எண் 3 பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது என்கிறது. அதைப் பற்றியும் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

அன்புடன்,
திண்ணைக் கதைக்கூட்டத்தின் சார்பில்,
மெய்ப்பு பார்க்கும் ஒரு அக்கா